வாளித் தண்ணீரும் வண்டிப் பூச்சும்

நம் வாட்ஸ்அப் குழுவில் மார்கழி மாதம் நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். வாங்கி ஐந்து மாதமே ஆன ஒரு கறுப்புக் காரின் பானெட்டில், வெயில் பட்டதும் சிலந்தி வலை போலக் கீறல்கள் தெரிந்தன. உரிமையாளர் படம் எடுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் இன்னும் மூன்று பேர் தங்கள் கார் படங்களையும் போட்டார்கள். காலையில் நம் கார்களைத் துடைக்கும் தம்பிதான் காரணம் என்று முடிவாகிவிட்டது. அந்த மாதப் பணத்தை நிறுத்தி வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நானும் கட்டை விரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். இதை இங்கே எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான்கு வீட்டுக்காரர்கள் அவரை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து லிஃப்ட் அருகே என்னைப் பார்த்தவர் சண்டைக்கு வரவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "சார், பதினாலு வயசுல டிராவல்ஸ் ஷெட்டுல வேலைக்குச் சேர்ந்தேன். முப்பது வருஷமா இதே வாளி, இதே துணிதான். அம்பாசிடரைத் துடைச்சப்ப எந்த ஓனரும் கீறல்னு சொன்னதில்ல. இப்ப மட்டும் எப்படி சார் விழுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வங்கியில் கணக்கு உதைத்தால் அன்றைய பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். பழைய பேரேடுகளை எடுத்துப் புரட்டுவோம். ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? கார் பெயின்ட்டின் பழைய பேரேட்டைப் புரட்ட ஆரம்பித்தேன். தம்பியின் கேள்விக்கான பதில் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் போனது.

கார் என்ற பொருளே இல்லாத காலத்தில் வண்டி கழுவுவது ஒரு தனித் திறமையாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசதி படைத்தவர்கள் குதிரை பூட்டிய சாரட்டு வைத்திருந்தார்கள். நம் சென்னையிலும் அந்த நாகரிகம் இருந்தது. 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் சாரட்டு கட்டித்தான் பெயர் வாங்கியது. 1903-இல் அங்கே ஒரு நீராவிக் காரும் செய்தார்கள்.

சாரட்டுக்குப் பெயின்ட் அடிப்பது இலேசான வேலை அல்ல. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணத்தைத் தூரிகையால் பூச வேண்டும், அது காய நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும், நுரைக்கல் பொடியும் தண்ணீரும் வைத்துத் தேய்த்து மட்டமாக்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். இப்படிப் பல பூச்சுகள். கடைசியில் வார்னிஷ். ஒரு வண்டி முடியப் பல வாரம் பிடிக்கும். அவ்வளவு பாடுபட்டுப் பூசிய வார்னிஷோ மென்மையானது. எளிதில் மங்கும், மஞ்சள் பாயும். மறுபடி வார்னிஷ் அடிப்பது பெரிய செலவு. அதனால் வண்டி கழுவும் ஆளுக்கு முதலாளிகள் கடுமையான விதிகள் வைத்திருந்தார்கள்.

சேறு காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். காய்ந்த சேற்றைத் துணியால் தொடவே கூடாது. தாராளமாகத் தண்ணீரை ஓடவிட்டு, அது ஊறித் தானாக விழும்வரை பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்பாஞ்சு. உடம்புக்கு ஒரு ஸ்பாஞ்சு, சக்கரத்துக்கும் அடிப்பாகத்துக்கும் வேறு. வெயிலில் கழுவக்கூடாது. தண்ணீர் தானாகக் காய விடக்கூடாது. ஷாமி தோலால் ஒற்றி எடுக்க வேண்டும். சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சுழற்றிச் சுழற்றிக் கழுவினார்கள். லாயத்திலிருந்து வரும் அம்மோனியா வார்னிஷைக் கெடுக்கும் என்பதால் வண்டிக் கொட்டகையை லாயத்துக்குத் தள்ளிக் கட்டச் சொன்னார்கள். குதிரை லத்திக்கு அவர்கள் பயந்த அளவுக்கு நாம் காக்கை எச்சத்துக்குப் பயப்படுவதில்லை.

இந்த விதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் கார்களும் சாரட்டைப் போலவே எண்ணெய் வண்ணமும் வார்னிஷும்தான் போட்டுக்கொண்டன. ஹென்றி ஃபோர்டு 1908-இல் மாடல் டி காரைக் கொண்டுவந்தார். 1913-இல் நகரும் தொடர் வரிசையில் கார்களைக் கோக்க ஆரம்பித்தார். கார் மணிக்கணக்கில் தயாராகி, பெயின்ட் காய வாரக்கணக்கில் நின்றால் என்ன பயன்? 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது. தார் வகைப் பொருள் கலந்த கறுப்பு எனாமலை ஊற்றியும் முக்கியும் பூசி, சூளையில் வைத்துச் சுட்டார்கள். மலிவு, உழைப்பும் அதிகம். வேறு நிறம் வேண்டுமென்ற பணக்காரர்கள் தூரிகைக்காரர் முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

முதல் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. வெடிமருந்துக்குப் பயன்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளைக் கையாண்டு பழகிய அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம், 1920-களின் தொடக்கத்தில் அதிலிருந்தே ஒரு பெயின்ட்டைச் செய்தது. பெயர் டூகோ. 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் கார்களுக்கு அதை நீல நிறத்தில் அடித்தது. துப்பாக்கி போன்ற கருவியால் தெளித்தால் போதும், சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். குண்டுக்கான சரக்கு காருக்கு அழகு செய்ய வந்தது. அந்தப் பெயர் நம் ஊரில் இன்னும் சாகவில்லை. அலமாரிக்கு டூகோ அடிக்கலாமா என்று ஆசாரி கேட்டால், கேட்பது இந்தக் கதையின் மிச்சத்தைத்தான்.

டூகோவுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்ததும் அவ்வளவு பளபளப்பாக இராது. தேய்த்துத்தான் மினுமினுப்பைக் கொண்டுவர வேண்டும். வெயிலில் நின்று வெளுத்தால், மேல் தோலைத் தேய்த்து எடுத்தால் அடியில் புது நிறம் தெரியும். 1930-களில் வந்த எனாமல் பூச்சுகளிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம்தான். அவற்றையும் தேய்த்துப் புதுப்பிக்கலாம். நம் கைப்பழக்கம் மாறியது இங்கேதான் என்பது என் கணிப்பு. வார்னிஷ் காலத்தில் தேய்ப்பது குற்றம். டூகோ வந்த பிறகு தேய்ப்பதே பராமரிப்பு ஆகிவிட்டது. சாரட்டுக்காரனின் விதிகள் யாருக்கும் தேவைப்படாமல் போயின.

நம் நாட்டு ரோட்டில் அந்தத் தேய்க்கும் காலம் நீண்டு நின்றது. 1950-களின் கடைசியில் வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து வர ஆரம்பித்த அம்பாசிடர் 2014 வரை வந்துகொண்டிருந்தது. பம்பாயிலிருந்து ஃபியட். நம் பெருங்களத்தூரிலிருந்து 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புதுக் காருக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்த காலம் அது. வாங்கியவர்கள் இருபது வருடம் வைத்திருந்தார்கள். டிங்கரிங், பெயின்டிங் ஷெட் இல்லாத பேட்டையே இல்லை.

1984-இல் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த கிளையில் மேலாளருக்கு ஒரு அம்பாசிடர் இருந்தது. அதை ஓட்டிய அண்ணன் தினமும் காலையில் ஒரு மஞ்சள் துணியை எடுத்து, வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, முகம் பார்க்கும்படி துடைத்து வைப்பார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ரப்பிங் காம்பவுண்ட் போடுவார். துணியில் வண்டியின் நிறமே இறங்கியிருக்கும். "அழுக்கு எவ்வளவு வருது பாருங்க தம்பி" என்று என்னிடம் பெருமையாகக் காட்டுவார். வந்தது அழுக்கு மட்டும் இல்லை, பெயின்ட்டும்தான் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலை இல்லை. அடியில் இன்னும் நிறைய இருந்தது. தீர்ந்தால் ஷெட்டில் விட்டு மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

ஆக, நம் தம்பியின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. அம்பாசிடரிலும் கீறல் விழுந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அது அழிந்தது. தவிர, பெரும்பாலான வண்டிகள் வெள்ளையும் பால் நிறமும். அவற்றில் கீறல் கண்ணுக்குத் தெரியாது.

மீதிப் பதில் 1980-களில் இருக்கிறது. உலகமெங்கும் கார் கம்பெனிகள் அப்போது இரட்டைப் பூச்சுக்கு மாறின. முதலில் மெல்லிய நிறப் பூச்சு. அதன் மேல் நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. கிளியர் கோட் என்கிறார்கள். மினுமினுப்பு முழுக்க இந்த மேல்பூச்சுடையது. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் இதில்தான் கலந்திருக்கிறது. இன்று நம் பார்க்கிங்கில் நிற்பவை ஏறக்குறைய எல்லாமே இந்த வகை.

இதன் கனத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தகட்டின் மேல் உள்ள எல்லாப் பூச்சும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதில் மேல்பூச்சின் பங்கு 35 முதல் 50. நம் தலைமுடி பொதுவாக இதைவிடத் தடிமன். மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டால் கீறல் மறையும். கீறலைச் சுற்றியுள்ள மேல்பூச்சைச் சில மைக்ரான் சீவி எடுப்பதால்தான் மறைகிறது. பி.காம். படித்தபோது தேய்மானக் கணக்கை நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று உருப்போட்டேன். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு நேரடியான அர்த்தம் இருக்கும் என்று அன்று தோன்றவில்லை. மேல்பூச்சு, மறுபடி பணம் கட்ட முடியாத ஒரு கணக்கு. ஒவ்வொரு பாலிஷும் அதிலிருந்து எடுப்பதுதான்.

1997-இல் ஊழியர் கடனில் ஒரு பழைய மாருதி வாங்கினேன், சாம்பல் நிறம். ஒரு நாள் காக்கை எச்சம் காய்ந்து கிடந்தது. பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரை எடுத்து நன்றாகத் தேய்த்தேன். எச்சம் போயிற்று. உள்ளங்கை அகலத்துக்கு மங்கிய வட்டம் ஒன்று வந்து, வண்டியை விற்கும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஈரத் துணியைப் பத்து நிமிடம் அதன் மேல் போட்டு வைத்திருந்தால் தானாக வழுக்கிக்கொண்டு வந்திருக்கும்.

கீறுவது துணி அல்ல, தூசி. நம் ரோட்டுத் தூசியில் மணல் இருக்கிறது; மணலில் குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7, கண்ணாடி சுமார் 5.5. மேல்பூச்சு கண்ணாடியைவிட மென்மையானது. உலர்ந்த டஸ்டரால் தூசி தட்டினால் உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்ப்பதற்குச் சமம். அந்தச் சிலந்தி வலை வட்டமாகத் தெரிகிறதே, அதனால் வட்டமாகத் துடைத்தார் என்றும் சொல்லிவிட முடியாது. எல்லாத் திசையிலும் கோடுகள் இருந்தாலும், வெளிச்சத்தைச் சுற்றி அமைந்த கோடுகள் மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். சூரியன் நகர்ந்தால் வலையும் நகரும், நின்று பாருங்கள்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். தம்பி காலை 4.30-க்கு வருகிறார், 7.30-க்கு முடிக்க வேண்டும். சண்டைக்கு முன் 28 கார்கள். 180 நிமிடத்தை 28-ஆல் வகுத்தால் ஒரு காருக்கு 6 நிமிடம் 25 வினாடி. தண்ணீர் 15 லிட்டர் வாளியில் பாதி. ஒரு வாளி இரண்டு காருக்கு. இரண்டாவது கார்க்காரருக்குக் கிடைப்பது முதல் காரின் மணல். இந்த ஆறு நிமிடத்திலும் அரை வாளியிலும் சாரட்டுக்காரனின் விதிகளில் ஒன்றையாவது யாராவது கடைப்பிடிக்க முடியுமா?

அரை வாளி என்ற விதியைத் தம்பி போடவில்லை. 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, நாம் லாரிக்குக் காத்து நின்றோம். அப்போது கார் கழுவ ஹோஸ் கூடாது, காருக்கு அரை வாளிதான் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். கூட்டக் குறிப்பை எழுதியது நான்தான். தீர்மானத்தில் தவறில்லை; 2024-இல் பெங்களூரில் குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். ஆனால் தண்ணீரைப் பாதியாக்கிய நாம், தினமும் துடைக்க வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. அதுதான் கணக்கு உதைத்த இடம்.

தண்ணீரைக் கொட்ட முடியாத ஊரில் அதன் வேலையைத் துணிதான் செய்ய வேண்டும். 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனம் முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழையில் ஒரு துணியைச் செய்தது. அந்த வழியில் வந்ததுதான் இன்று கடையில் கிடைக்கும் மைக்ரோஃபைபர் துணி. தூசியைப் பெயின்ட்டின் மேல் உருட்டாமல் தன் இழைகளுக்குள் வாங்கிக்கொள்ளும், அழுக்கான பக்கத்தை மடித்து மாற்றிக்கொண்டே இருந்தால். பனியன் வேஸ்ட்டுக்கு அந்தக் குணம் கிடையாது.

தை மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியோடு சேர்ந்து என் காரைக் கழுவிப் பார்த்தேன். இரண்டு வாளி, இரண்டிலும் பாதித் தண்ணீர். ஒன்றில் கார் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். பாத்திரம் விளக்கும் திரவம் வேண்டாம், அது மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். முதலில் குவளையால் மேலிருந்து ஊற்றி மணலை இறக்க வேண்டும். பிறகு கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்று மேலிருந்து கீழே, அழுத்தாமல், நேர்கோட்டில். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி, அது கடைசியில். பானெட் சூடாக இருந்தால் தொடவே வேண்டாம். முடித்ததும் உடனே ஒற்றித் துடைக்க வேண்டும். நம் போர் தண்ணீரின் டிடிஎஸ் சென்ற ஆண்டுப் பரிசோதனையில் 1,300-ஐத் தாண்டியது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை விரும்பும் அளவு 500. அந்தத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் சுண்ணாம்பு வட்டம் படியும், பிறகு அதை எடுக்கவும் தேய்க்க வேண்டிவரும். எல்லாம் அந்தச் சாரட்டு விதிகள்தான், குதிரை மட்டும்தான் இல்லை.

ஆன நேரம் 18 நிமிடம். தம்பி மனக்கணக்கில் என்னைவிட வேகம். "இருபத்தெட்டு வண்டிக்கு எட்டரை மணி நேரம் ஆகும் சார். ஏழரைக்கு எல்லாரும் ஆபீஸ் கிளம்பிடுவாங்களே" என்றார்.

உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டோம். தினமும் துடைப்பதை நிறுத்திவிட்டு வாரம் இரண்டு முறை ஒழுங்காகக் கழுவுவது. 28 காருக்கு வாரத்தில் 56 முறை. ஆறு நாளில் பகிர்ந்தால் ஒரு நாளைக்கு 9 அல்லது 10. பத்தே ஆனாலும் 180 நிமிடம், அதே மூன்று மணி நேரம். தண்ணீர் இதுவரை காருக்கு வாரம் ஆறு அரை வாளி, அதாவது 45 லிட்டர். இனி இரண்டு முழு வாளி, 30 லிட்டர். மொத்தத்தில் வாரம் 420 லிட்டர் மிச்சம். இடையில் கார் தூசியாக நிற்கும்தான். நிற்கட்டும், தொடாத தூசி கீறாது. கண்ணாடியை மட்டும் நீங்களே துடைத்துக்கொண்டு கிளம்புங்கள். மாதப் பணம் இப்போது கொடுப்பதே. துடைக்கும் நாள் குறைகிறதே என்று அதைக் குறைக்கக் கேட்காதீர்கள், அவர் வேலை நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

செயற்குழு மூன்று மாதம் சோதனையாகப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறது. இதுவரை 11 வீட்டார் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நிறுத்தி வைத்த மார்கழி மாதப் பணத்தை மூன்று வீட்டார் கொடுத்துவிட்டார்கள். கறுப்புக் கார் வீட்டாரிடம் நான் நேரில் பேசினேன், யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

சேர விரும்புகிறவர்களுக்கான பதிவேடு செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. வீட்டுக்கு ஆறு மைக்ரோஃபைபர் துணி வாங்கி, உங்கள் கார் எண்ணை ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். துவைப்பது உங்கள் பொறுப்பு. சேலை வேட்டியோடு போடாமல் தனியாகத் துவையுங்கள், வாசனைக்காகச் சேர்க்கும் துணி மென்மைத் திரவத்தை ஊற்றாதீர்கள், இழை அடைத்துக்கொள்ளும். கீழே விழுந்த துணியை அலசாமல் மறுபடி காரில் வைக்க வேண்டாம் என்று தம்பி உங்களிடம் சொல்லச் சொன்னார்.